பழைய காரின் தோல் இருக்கையை வீட்டிலேயே திருத்தலாம்

பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை யாழ்ப்பாணத்தில் இன்றும் காணலாம். 1995 இடப்பெயர்வில் எங்கள் குடும்பத்தைச் சுமந்ததும் அப்படியொன்றுதான். அதன் தோல் இருக்கைகளைக் கழற்றி றெக்சீன் போட மனம் வராததால் வீட்டிலேயே திருத்தினேன்.

சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, நிழலில் உலரவிடவேண்டும். வெயில் தோலை இறுக்கிவிடும். கிழிசலின் உட்புறத்தில் துணி வைத்து, வளைந்து கொடுக்கும் பசையால் ஒட்டவேண்டும். வெடிப்புகளை நைசான அரத்தாளால் மெதுவாகத் தேய்த்து, தோல் நிரப்பியை மெல்லிய படைகளாகப் பூசவேண்டும். ஒன்று காய்ந்த பின்னரே அடுத்தது. எல்லா வடுக்களையும் நிரப்பத் தேவையில்லை. மேலும் கிழியக்கூடியவற்றை மூடினால் போதும்.

இறுதியாகத் தோலுக்குரிய வர்ணம். மறைவான மூலையில் முதலில் பூசிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசி பிடிக்கும், வர்ணமும் ஒட்டாது.