சிலுவைக் காட்சி: சினிமா காட்டுவதும் ரோமர்கள் செய்ததும்

1905-இல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் இருந்தது. கூடாரம் போட்டு, ஊர் ஊராகப் போய் அதைக் காட்டினார். பம்பாயில் தாதாசாகேப் பால்கேயைப் படமெடுக்கத் தூண்டியதும் இயேசுவின் கதை சொன்ன ஒரு மௌனப்படம்தான். ஆக, நம் நாட்டில் சினிமா பார்க்கத் தொடங்கிய தலைமுறை திரையில் கண்ட முதல் மரணங்களில் ஒன்று சிலுவை மரணம். பிறகு 'பென்-ஹர்' வந்தது. 'பாசமலர்' பீம்சிங் இயக்கிய 'கருணாமயுடு' (1978) தெலுங்கிலிருந்து பல மொழிகளுக்குப் போனது. 2004-இல் சாம்பல் புதனன்று மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' வெளியானது.

இத்தனை படங்களும் சேர்ந்து நம் மனதில் ஒரே காட்சியைப் பதித்துவிட்டன. உயரமான முழுச் சிலுவை, உள்ளங்கைகளில் ஆணி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பாதங்களில் இன்னொரு ஆணி, இடுப்பில் துணி. இதில் ரோமர்கள் செய்தது எவ்வளவு, ஓவியர்கள் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், சினிமா எதில் கவனமாக இருக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது தெரியும்.

இயக்குநர்களுக்கு இருக்கும் முதல் சிக்கல், நற்செய்தி நூல்கள் நான்கிலும் சிலுவையில் அறைந்த முறை பற்றி விவரிப்பே கிடையாது என்பது. அறைந்தார்கள் என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகிறார்கள். ஆணி என்ற பேச்சே, யோவான் நற்செய்தியில் உயிர்ப்புக்குப் பிறகு தோமா சந்தேகப்படும் இடத்தில்தான் வருகிறது. அன்று அதைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஊர் எல்லையில் கண்ணால் பார்த்திருந்தார்கள். நான்காம் நூற்றாண்டில், கான்ஸ்டன்டைன் காலத்தில் இந்தத் தண்டனை வழக்கொழிந்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் தந்தச் சிற்பமும், ரோமில் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவும்தான் இயேசு சிலுவையில் தொங்குவதைக் காட்டும் மிகப் பழைய ஆலயக் கலைப் படைப்புகளில் முக்கியமானவை. இரண்டும் ஐந்தாம் நூற்றாண்டு. செதுக்கியவர்கள் ஒரு சிலுவைத் தண்டனையைக்கூடப் பார்த்திருக்க முடியாது. அவர்களைப் பார்த்து அடுத்த நூற்றாண்டுக்காரர்கள் வரைந்தார்கள். அந்த ஓவியங்களைப் பார்த்து சினிமாக்காரர்கள் படமெடுத்தார்கள். கிப்சனே தன் படம் கரவாஜியோவின் ஓவியம்போல் இருக்க வேண்டும் என்றுதான் ஒளிப்பதிவாளரிடம் கேட்டார்.

ஓவியத்தை விட்டுவிட்டு எலும்பைப் பார்ப்போம். 1968-இல் எருசலேமின் வடகிழக்கே கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் வீடு கட்டத் தோண்டியபோது பழைய குடும்பக் கல்லறைகள் வெளிப்பட்டன. அங்கே ஒரு கல் எலும்புப்பேழையில் யெஹோஹனான் என்று பெயர் பொறித்திருந்தது. உள்ளே ஓர் இளைஞனின் எலும்புகள். வலது குதிகால் எலும்பின் பக்கவாட்டில் இரும்பு ஆணி ஒன்று நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. நீளம் 11.5 செ.மீ. ஆணித் தலைக்கும் எலும்புக்கும் நடுவே மரத்தின் எச்சம்: காலை உருவிக்கொள்ள முடியாதபடி முதலில் ஒரு சிறு மரத்துண்டை வைத்து, அதன் மேல் ஆணியை இறக்கியிருக்கிறார்கள். ஆணியின் கூர் முனை கொக்கிபோல் வளைந்திருந்தது. மரத்தில் கணு ஏதோ தட்டி வளைந்திருக்க வேண்டும். அதனால்தான் உடலை இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை. எலும்போடு சேர்த்தே பேழையில் வைத்துவிட்டார்கள். அந்தக் கணு இல்லாமல் போயிருந்தால் இந்தச் சான்றும் நமக்குக் கிடைத்திருக்காது.

முதல் ஆய்வில், இரண்டு குதிகால்களையும் ஒரே ஆணி துளைத்தது என்று சொன்னார்கள். 1985-இல் ஜோ சையஸ், எலியேசர் செக்கெலஸ் இருவரும் மறுபடி பரிசோதித்து, ஆணி ஒரே குதிகாலைத்தான் துளைத்திருக்கிறது என்று காட்டினார்கள். நட்ட மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று வைத்து, வெளியிலிருந்து உள்நோக்கி அடித்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபென்ஸ்டன்டன் கிராமத்தில் 2017-இல் இன்னொரு எலும்புக்கூடு கிடைத்தது. அதிலும் வலது குதிகால், அதிலும் பக்கவாட்டில் ஆணி. இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரமும் பல தலைமுறைக் காலமும் இருக்கின்றன. நாம் பார்த்து வளர்ந்த பாடுபட்ட சுரூபங்களிலும் பெரும்பாலான படங்களிலும் உள்ளதுபோல், மேல் பாதத்தின் நடுவே ஆணி அடித்ததற்கு எலும்புச் சான்று இதுவரை ஒன்றும் இல்லை.

கைகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல எலும்பு உதவவில்லை. யெஹோஹனானின் கை எலும்புகளில் ஆணிக் காயம் நிரூபணமாகவில்லை, கயிற்றால் கட்டியிருக்கலாம். உள்ளங்கையில் அடித்தால் உடல் எடைக்குக் கிழிந்துவிடும், மணிக்கட்டில்தான் அடித்திருக்க வேண்டும் என்று பியர் பார்பே என்ற பிரெஞ்சு அறுவைச் சிகிச்சை மருத்துவர் கடந்த நூற்றாண்டில் வாதிட்டார். மூச்சு முட்டித்தான் மரணம் வரும் என்ற கருத்தைப் பரப்பியவரும் அவரே. தொங்குபவர் மூச்சு இழுக்கக் காலை ஊன்றி எம்பி எம்பி நிற்பதாகப் படங்களிலும் ஆவணப்படங்களிலும் காட்டுவது இதை வைத்துத்தான். பிறகு ஃபிரெடரிக் சுகிபி என்ற அமெரிக்கத் தடயவியல் மருத்துவர் தன்னார்வலர்களைச் சிலுவையில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். அவர்களுக்கு மூச்சுத் திணறவில்லை. அதிர்ச்சியும் இரத்த இழப்பும்தான் காரணம் என்பது அவர் கட்சி. 2006-இல் மாஸ்லன், மிட்செல் என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய கட்டுரைகளையெல்லாம் சேர்த்துப் படித்து, எந்தக் கொள்கைக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதுதான் நியாயமான நிலை என்று எனக்கும் படுகிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அறையப்பட்டார்கள் என்றால், ஒவ்வொருவரும் ஒரே விதமாக இறந்திருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு விதமாக என்பது மிகையல்ல. தலைகீழாகத் தொங்கியவர்களைக் கண்டதாக ரோமத் தத்துவஞானி செனகா எழுதுகிறார். கி.பி. 70-இல் எருசலேம் முற்றுகையின்போது, பிடிபட்டவர்களைப் படைவீரர்கள் வெறுப்பிலும் விளையாட்டிலும் வெவ்வேறு கோலங்களில் அறைந்தார்கள் என்றும், ஒரு நாளைக்கு 500 பேர்வரைகூட என்றும், சிலுவைக்கு இடமும் உடலுக்குச் சிலுவையும் போதவில்லை என்றும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் சொல்கிறார்.

சிலுவை சுமக்கும் காட்சியிலும் படங்கள் ஓவியத்தையே பின்பற்றுகின்றன. ரோமானிய எழுத்துகளில் குற்றவாளி சுமந்து போவது குறுக்குக் கட்டையை மட்டும்தான். நேர்க் கம்பம் தண்டனைக் களத்தில் நட்டபடி இருக்கும். 'பென்-ஹர்' (1959) முழுச் சிலுவையைச் சுமக்க வைத்தது. ஜெஃபிரெல்லியின் 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' (1977) தொடரில் ராபர்ட் பாவெல் கட்டையை மட்டும் சுமக்கிறார். அந்தக் கவனம் பாராட்ட வேண்டியது. கிப்சன் படத்தில் இது விநோதமாக இருக்கிறது. இரு கள்வர்களும் கட்டையைச் சுமக்க, நடுவில் இயேசு மட்டும் முழுச் சிலுவையைச் சுமக்கிறார். கள்வர்களுக்கு வரலாறு, இயேசுவுக்குச் சிலுவைப் பாதை ஓவியம். வழக்கம் இன்னது என்று தெரிந்துகொண்டே மரபுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. அரமேயமும் இலத்தீனும் பேச வைத்ததால், உள்ளது உள்ளபடி என்று பலர் நம்பிவிட்டார்கள். ஆனால் கிழக்கு மாகாணங்களில் ஆளுநருக்கும் மக்களுக்கும் நடுவே ஓடிய மொழி கிரேக்கம். யூதேயா ஆளுநர் பிலாத்துவின் கீழ் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே சேர்க்கப்பட்ட துணைப்படை வீரர்கள். இத்தாலியிலிருந்து வந்த லெஜியன் படை அல்ல. துளையிட்டு வைத்த இடத்துக்குக் கை எட்டாமல் கயிறு கட்டி இழுக்கும் காட்சி, 19-ஆம் நூற்றாண்டில் வெளியான கன்னியாஸ்திரி அன்னா கத்தரீனா எம்மரிக்கின் தியானக் காட்சிகளிலிருந்து வந்தது. பக்தி மரபு என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு. வரலாற்றுச் சான்றாக அதைக் கொள்ள முடியாது. கசையடியும் அப்படித்தான். ரோமர்கள் சிலுவைக்கு முன் கசையால் அடித்தது உண்மை, அந்தக் கசை சதையைக் கிழித்ததும் உண்மை. ஆனால் படத்தில் வருவதுபோல் அவ்வளவு நேரம் அடித்தால், அடுத்து கட்டையைத் தூக்கி நடக்க ஆள் மிஞ்சமாட்டான். உயிரோடு நெடுநேரம் தொங்க வைப்பதுதான் இந்தத் தண்டனையின் நோக்கமே.

வலியைக் காட்டுவதில் இவ்வளவு முனையும் சினிமா, அவமானத்தைக் காட்டத் தயங்குகிறது. துணியை உருவிவிடுவது தண்டனையின் ஒரு பகுதி. அந்தத் துணிகளைப் படைவீரர் பங்கு போட்டதை நற்செய்தியாளர்களே சொல்கிறார்கள். தணிக்கையும் பக்தியும் சேர்ந்து இடுப்புத் துணியைத் திரையில் நிலைநிறுத்திவிட்டன. மார்ட்டின் ஸ்கார்செசியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' (1988) இதில் துணிந்தது. வில்லெம் டெஃபோ ஆடையின்றி, முழங்கால் மடங்கிப் பக்கவாட்டில் திரும்பியபடி தொங்குகிறார்; கிவாத் ஹமிவ்தார் எலும்பை வைத்து முதலில் வரைந்த படத்தின் சாயல் அதில் இருக்கிறது. அந்தப் படத்தின் கதைக்காகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சர்ச்சையில் இந்தக் கவனம் பலர் கண்ணில் படாமல் போயிற்று.

சிலுவை அடிமைகளுக்கும், உரிமையற்றவர்களுக்கும், கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. ரோமக் குடிமகனை அப்படிக் கொன்றதற்காகவே சிசிலி ஆளுநர் வெர்ரஸைக் கண்டித்து சிசரோ கொதித்து எழுதினார். இத்தாலியின் புதெயோலி நகரத்துக் கல்வெட்டு ஒன்று, ஊரின் இழவுக் காரியங்களோடு தண்டனை வேலையையும் ஒப்பந்தத்துக்கு விட்ட விதிகளைச் சொல்கிறது. தன் அடிமையைத் தண்டிக்க விரும்பும் எஜமான், கட்டை சுமப்பவருக்கும், கசையடிப்பவருக்கும், கொலையாளிக்கும் தலைக்கு 4 செஸ்டெர்டியஸ் தர வேண்டும். அரசு அதிகாரி ஆணையிட்டால் ஒப்பந்தக்காரரே சிலுவை, ஆணி, கீல், மெழுகு எல்லாம் தன் செலவில் கொடுக்க வேண்டும். 4 செஸ்டெர்டியஸ் என்பது ஒரு தெனாரியம். இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலியாக வருகிறதே, அதே தெனாரியம். ஒரு மனிதனைக் கசையால் அடித்து ஆணியில் மாட்டுவது அந்த ஊரில் நாள்கூலி வேலை. நான் பார்த்த எந்தப் படமும் இந்த ஒப்பந்தக்காரரைக் காட்டியதில்லை. எனக்குக் கிப்சன் படத்தின் இரத்தத்தைவிட இந்த விலைப்பட்டியல்தான் நடுக்கம் தருகிறது.

எண்ணிக்கையைக் காட்டிய படம் ஒன்று உண்டு: ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஸ்பார்ட்டகஸ்' (1960). கி.மு. 71-இல் அடிமைக் கலகம் ஒடுக்கப்பட்டதும், பிடிபட்ட 6000 பேரை ரோமத் தளபதி கிராசஸ் கப்புவாவிலிருந்து ரோம் வரையுள்ள சாலை நெடுகிலும் அறைந்தார் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். சாலை ஏறத்தாழ 200 கி.மீ. கணக்குப் போட்டால் 33 மீட்டருக்கு ஒருவர். நம் தெருவில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே இருக்கும் தூரம்தான். படத்தில் ஸ்பார்ட்டகஸும் சிலுவையில் தொங்குகிறான். உண்மையில் அவன் போர்க்களத்தில் விழுந்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தவறு இருந்தாலும், சாலையோரம் வரிசையாகச் சிலுவைகள் நிற்கும் அந்தக் காட்சி, ரோம் இதை எதற்காகச் செய்தது என்பதை மற்றப் படங்களைவிடத் தெளிவாகச் சொல்கிறது. தொங்குபவனைவிட, அந்த வழியே நடந்து போகிறவனுக்குத்தான் அந்தத் தண்டனை.

இந்தப் படங்கள் எதிலும் வராதது காலம். மாற்கு நற்செய்தியின் கணக்கில் இயேசு ஆறு மணி நேரத்தில் இறந்தார்; இவ்வளவு சீக்கிரமா என்று பிலாத்து வியந்தார். பலர் நாள்கணக்கில் தொங்கினார்கள். தெக்கோவாவிலிருந்து திரும்பும் வழியில் தனக்கு அறிமுகமான மூவர் தொங்குவதைக் கண்டு, ரோமத் தளபதி தீத்துவிடம் அழுது கெஞ்சி இறக்கியதாக யோசேபஸ் எழுதுகிறார். வைத்தியம் பார்த்தும் இருவர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். இறந்த பின்னும் பல இடங்களில் உடலை எடுக்க விடமாட்டார்கள். உறவினர் தூக்கிப் போய்விடாமல் காவலுக்கு ஆள் நிற்கும். ரோம எழுத்தாளர் பெட்ரோனியஸ் சொல்லும் ஒரு கதையே, அப்படிக் காவல் நின்ற வீரன் கொஞ்சம் அசந்த நேரத்தில் ஓர் உடல் காணாமல் போவதை வைத்துத்தான் நகர்கிறது. யெஹோஹனானைப்போல் குடும்பக் கல்லறைக்கு வந்து சேர்ந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கட்டைக்கு ஜெஃபிரெல்லி, உடலின் கோலத்துக்கு ஸ்கார்செசி, எண்ணிக்கைக்குக் குப்ரிக் என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒருசேர அமைந்த படம் இவற்றில் இல்லை. கிப்சனின் படத்தைத் தவக்காலத் தியானமாகப் பாருங்கள், வரலாறாகப் பார்க்காதீர்கள். இனி ஒரு படம் அசல் வரலாறு என்ற விளம்பரத்தோடு வந்தால், எவ்வளவு இரத்தம் என்று அளக்க வேண்டாம். தோளில் இருப்பது கட்டையா முழுச் சிலுவையா, ஆணி குதிகாலில் எந்தப் பக்கம் நுழைகிறது, அருகில் இன்னும் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று பாருங்கள்.