சூளைக்கு விடுமுறை... பிச்சாவரத்தில் ஒரு நாள்!

கல்யாணமாகி 31 வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து போன முதல் சுற்றுலா இது என்றால் நம்புவீர்களா? அதுவும் வெளிமாநிலம் இல்லை, மலைவாசஸ்தலம் இல்லை. காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும் தூரத்தில் இருக்கிற பிச்சாவரம்தான்!

எங்களுக்கு விருத்தாசலம். உங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு பீங்கான் பொம்மையோ, பழைய மீட்டர் பெட்டியில் ஒரு ஃபியூஸ் கேரியரோ இருந்தால், அது எங்கள் ஊர்ச் செராமிக் பேட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். என் கணவர் அங்கே ஒரு சின்ன பட்டறையில் சூளை பார்த்தவர். அச்சில் மண்பாலை ஊற்றி, காயவைத்து, அடுக்கி, சூளையை ஏற்றிவிட்டால், இறக்கும்வரை அவருக்கு வீட்டு நினைப்பே இருக்காது. பல தீபாவளிகள் சூளை வாசலிலேயே போயிருக்கின்றன.

போன வருஷம் மூச்சிரைப்பு அதிகமானதும், “இனி மண்தூசு பக்கமே போகக் கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்தவர்தான்... பேச்சே குறைந்துவிட்டது. டி.வி. ஓடும், பார்க்கமாட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். “அப்பாவை எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா” என்று மகள் போனில் நச்சரித்ததில்தான் இந்தப் பயணம் முடிவானது.

நம்ம ஆறு போற ஊர்

ஜனவரி மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம். சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம். அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம்.

பஸ்ஸில் போகும்போது வெள்ளாறு வந்தது. அதுவரை வாய் திறக்காதவர், “நம்ம மணிமுத்தாறு இதுலதான் கலக்குது. பரங்கிப்பேட்டையில போய்க் கடல் சேரும்” என்றார். உண்மைதான். பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடுகிற மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. வடக்கே அந்த வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும், தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுமார் 1,100 ஹெக்டேர். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பெயரும் கிடைத்துவிட்டது.

துடுப்புப் படகே நல்லது

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. நாங்கள் துடுப்புப் படகு எடுத்தோம். அகலமான உப்பங்கழியில் கொஞ்ச தூரம் போனதும், படகோட்டித் தம்பி ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் திருப்பினார். இரண்டு பக்கமும் மரங்கள் வளைந்து மேலே கூரை போட்டிருந்தன. வெயில் காணாமல் போனது. துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தமும், எங்கோ மீன்கொத்தி கத்துகிற சத்தமும்தான்.

“‘இதயக்கனி’ படத்துல எம்.ஜி.ஆர். வந்த இடம்மா இது” என்று ஆரம்பித்த தம்பி, மரம் மரமாகக் காட்டினார். குடைக்கம்பி மாதிரி வேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகுதான் கீழே விழுகிறது. சேற்றில் பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருப்பது வெண்கண்டல். அதன் இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்... கரித்தது! வேர் வழியாக ஏறும் உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியேற்றிவிடுமாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக்கொடுத்த தில்லை மரமும் இங்கே உண்டு. “அதை மட்டும் ஒடிச்சிடாதீங்க, பால் கண்ணுல பட்டா ஆபத்து” என்று எச்சரித்தார்.

ஒரு திருப்பத்தில், இருளர் பெண்கள் நான்கைந்து பேர் மார்பளவு தண்ணீரில் இருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்வியிருந்த ஓலைப் பறியில் போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். என் கணவர் வெகுநேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “கையிலேயே கண்ணு இருக்கு பாரு” என்றார்.

பிறகு அவரே கையை விட்டுக் கரையோரச் சேற்றில் கொஞ்சம் எடுத்து, விரலால் உருட்டினார். பல மாதம் கழித்து அவர் கையில் மண்!

“நல்ல வழவழப்பு. ஆனா உப்பு மண்ணு தம்பி, சூளைக்கு ஆகாது.”

“காட்டுக்கே உப்பு அதிகமானா ஆகாதுங்கய்யா” என்றார் படகோட்டி.

காடு செத்துப் பிழைத்த கதை

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியது முழுக்க அதைப் பற்றித்தான். வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டியிருக்கிறார்கள். மரம் போன இடத்தில் தரை பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, புதுச் செடி முளைக்காமல் போய்விட்டது. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, கடலின் ஏற்றவற்றத் தண்ணீர் உள்ளே வந்து போக வழி செய்து, கன்றுகள் நட்டார்கள். காடு திரும்பியது.

அந்தக் காடு 2004 டிசம்பர் 26 அன்று நன்றிக்கடன் தீர்த்தது. கடலோர மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் சுனாமியில் பல உயிர்களைப் பறிகொடுத்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அலையின் வேகம் தணிந்துதான் வந்தது.

“உப்பு மட்டும் போதாதுங்கய்யா. ஆத்துலயும் கான்சாகிப் வாய்க்கால்லயும் நல்ல தண்ணி வந்து கலந்தாதான் மரத்துக்கு நல்லது. ஆனா மேலேர்ந்து தண்ணி வரும்போது கூடவே பிளாஸ்டிக்கும் வருது” என்று வேரில் சிக்கியிருந்த ஒரு கவரைத் துடுப்பால் எடுத்துப் படகில் போட்டார் அந்தத் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் காய்ந்த பூஜைப் பூக்களைக் கவரோடு மணிமுத்தாற்றில் போடுகிறவள் நான். சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது எங்கள் ஊர்க் கதை. நாங்கள் போடுவதை எடுக்க யார் வருவார்கள்?

வரும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். மறுநாளும் பேசினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோது, என் கையிலிருந்த பூக்கவரை அவர் வாங்கிக்கொண்டார். பாலத்தில் நின்று, கீழே மெல்லியதாக ஓடிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது அங்க போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?” என்றார்.

கவர் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பூக்கள் இப்போது முருங்கை மரத்துக்கு உரம்!

போகிறவர்களுக்கு...

* காலையிலேயே போய்விடுங்கள். வெயிலும் கூட்டமும் குறைவு.
* குறுகிய வாய்க்கால்களை ரசிக்கத் துடுப்புப் படகே ஏற்றது.
* நவம்பர் முதல் ஜனவரி வரை வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். மழை, புயல் எச்சரிக்கை இருந்தால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.
* தொப்பி, குடிநீர் அவசியம். கொண்டுபோகும் பாட்டிலையும் கவரையும் மறக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.