230 கம்பிகளுக்குச் சுருதி சேர்ப்பது எப்படி?

சினிமாவில் கதாநாயகன் பெரிய பியானோவின் முன் உட்கார்ந்து பாடுவான். பார்த்திருப்பீர்கள். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, தெரியுமா?

கம்பிகள்! கட்டைகள் 88தான். கம்பிகளோ சுமார் 230. பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று கம்பிகள். கனத்த குரல் பக்கம் போனால் இரண்டு. கடைசியில் தடித்த கம்பி ஒன்றே ஒன்று.

ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 80 கிலோ பாரம் தொங்குவதுபோல இழுபட்டு நிற்கிறது. மொத்தம் 18 டன்! நாலு யானைகளின் கனம். மரம் தாங்குமா? அதற்காகத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். 1825-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆல்பியஸ் பாப்காக் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

"வவ்... வவ்..."

முதன்முதலாகச் சுருதி சேர்க்க வருபவனுக்கு மூன்று சாமான்கள் போதும். இசைக்கவை, ரப்பர் ஆப்பு, ஆணியைத் திருகும் நீண்ட சாவி.

கவையைத் தட்டினால் விநாடிக்கு 440 அதிர்வு. மூன்று கம்பிகளில் இரண்டை ஆப்பு வைத்து அடக்கிவிட்டு, ஒன்றை மட்டும் அதனுடன் சேர்க்க வேண்டும். கம்பி 442-ல் இருந்தால் "வவ்... வவ்..." என்று விநாடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கும். சேரச் சேர அது மெதுவாகும். பிறகு நின்றுவிடும். சேர்ந்துவிட்டது! இதற்குப் பெரிய சங்கீத ஞானம் வேண்டாம். பொறுமைதான் வேண்டும்.

ஆனால் ஒரு வேடிக்கை. ச-ப, ச-ப என்று சுத்தமாகவே சேர்த்துக்கொண்டு போனால், 12 படி தாண்டியதும் புறப்பட்ட சுரம் வராது. கொஞ்சம் மேலே போய்விடும்! ஆகையால் ஒவ்வொரு 'ப'வையும் மயிரிழை குறைத்தே வைக்கிறார்கள்.

கண் ஜாக்கிரதை!

ஆபத்து எங்கே? புதியவன் சாவியைத் திருகுவான். ஒலி மாறாது. இன்னும் திருகுவான். அப்போதும் மாறாது. அவன் திருகுவது ஆப்பு வைத்து அடக்கிய பக்கத்துக் கம்பியின் ஆணி! "படீர்" என்று அறுந்து கம்பி சாட்டைபோல் துள்ளும்.

துருப்பிடித்த பழைய கம்பி இன்னும் மோசம். அதை முதலில் சிறிது தளர்த்திவிட்டுத்தான் முறுக்க வேண்டும். பல வருஷம் கவனிக்காத பியானோவில் இன்னொரு தொல்லை. இந்தப் பக்கம் முறுக்க முறுக்க, முன்பு சேர்த்த கம்பிகள் இறங்கிவிடும். ஒரு சுற்று முடித்து, மறுபடி முதலிலிருந்து!

கைதேர்ந்தவருக்கு ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. புதியவனுக்குப் பொழுதே போய்விடும். அடுத்த மழைக்காலத்தில் ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பியதும், சுருதி மறுபடி கலையும்.