நாற்றுத் தட்டிற்கு எல்.ஈ.டி. பட்டை விளக்கு

வெயில் படும் நாற்றங்காலுக்கு விளக்கு வேண்டுவதில்லை. கொட்டகையினுள் அடுக்கடுக்காய்க் குழித்தட்டு வைத்துக் காய்கறி நாற்று விடும் மிராசுதாரர்களுக்கே எல்.ஈ.டி. பட்டைகள் பிரயோஜனப்படும். ஊதா நிற விளக்குகளுக்கு அதிகப் பணம் கொடுப்பது வீண். இலைக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் வெள்ளொளியிலேயே அடங்கியுள்ளன.

மீட்டருக்கு 14.4 வாட் கொள்ளும் 12 வோல்ட் பட்டை 5 மீட்டர் வாங்கினால், நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமுள்ள ஒரு தட்டிற்குப் போதும். குறியிட்ட இடங்களில் மட்டுமே நான்கு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிற்கும் தனிக் கம்பி கொடுத்தல் வேண்டும். ஒரே தொடராக ஓட்டினால் கடைமுனை மங்கும். மொத்தம் 72 வாட் ஆதலின், அடாப்டர் 100 வாட்டிற்குக் குறையலாகாது.

சிலர் பட்டையை மரப்பலகையில் ஒட்டிவிட்டு, சில மாதங்களில் ஒளி குன்றியதென்று கடைக்காரரை நோவர். குற்றம் சூட்டினுடையது. அலுமினியச் சட்டத்தில் அழுந்த ஒட்டினால் சூடு உலோகத்தில் பரவி நீங்கும்.

நாற்றுக்கு ஓரடி மேலே தொங்கவிடுக. தண்டு மெலிந்து நீண்டால் தாழ்த்துக. இலை வெளுத்தால் உயர்த்துக. நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரிக்க ஒரு யூனிட்டிற்குச் சற்று அதிகம் செல்லும். இரவு பகலாய் எரித்தலோ கேடு. இடைவிடா ஒளியில் தக்காளி இலை மஞ்சளிக்கும். நீர் தெளிக்குமிடமாதலின், அடாப்டரைத் தட்டிற்கு அப்பால் சுவரில் உயரப் பொருத்துக.