வடதுருவக் கடல்விலங்குகள்: படம் பிடிப்பதும் திருத்துவதும்

தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் குஃப்ரிக்கோ மணாலிக்கோ ஒரு தடவையாவது போய் வராதவர்கள் குறைவு. அந்த ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். நேரில் கண்ணைக் கூச வைத்த பனி, படத்தில் சிமெண்ட் பூசிய தரை மாதிரி இருக்கும். அதன்மேல் நிற்கும் நம் வீட்டு மனிதர்களின் முகம் கறுத்திருக்கும். "காமிரா சரியில்லை" என்று சொல்லி ஆல்பத்தை மூடிவிடுவோம்.

காமிரா சரியாகத்தான் இருக்கிறது, அதன் கணக்குதான் பனிக்குப் பொருந்தாது. காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று உண்டு. எதிரில் இருப்பது பனியா எருமையா என்று அதற்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் சராசரியாக அது நடுத்தரச் சாம்பல் நிறம், தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொள்கிறது. புதுப்பனியோ 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. "அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா!" என்று மீட்டர் பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. பனி சாம்பலாகிறது. இக்காலக் காமிராக்கள் கொஞ்சம் புத்திசாலிகள் என்றாலும் இந்தப் பயம் முழுக்கப் போகவில்லை. படம் எடுப்பவர்தான் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

முப்பது வருஷம் அச்சகத்தில் கலர் திருத்தும் வேலை பார்த்தவன் என்பதால் இதெல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்குத் தெரியாதது வேறொன்று. அதைச் சொல்லிக் கொடுத்தவள் எங்கள் காலனிப் பெண் ஒருத்தி. 2025 ஜூலையில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கப்பலில் போய்விட்டு வந்தவள், ஒரு ஹார்டு டிஸ்க்கை என் மேஜைமேல் வைத்து, "மாமா, நாலாயிரம் படம் இருக்கு. நீங்கதான் பார்த்துத் திருத்திக் கொடுக்கணும்" என்றாள்.

ஸ்வால்பார்ட் என்பது நார்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவில் உள்ள தீவுக்கூட்டம். நம் நாட்டின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் 2008 முதல் அங்கே நீ-ஓலெசுண்ட் என்ற சிற்றூரில் இயங்குகிறது. விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளை அளக்கும் கருவிகள் அவ்வூரில் இருப்பதால் வைஃபை, புளூடூத் எதையும் போடக்கூடாது. காமிராவில் உள்ள வைஃபையைக்கூட அணைத்த பிறகுதான் கரையிறங்க விட்டார்களாம். கோடையில் சூரியன் மறைவதே இல்லை. நடுராத்திரியில் அது தாழ்ந்து நிற்கும்போது கிடைக்கும் பொன்னிற வெளிச்சத்துக்காகப் படக்காரர்கள் தூக்கத்தை விடுகிறார்கள்.

அந்தப் பெண் விவரம் தெரிந்தவள். எல்லாப் படங்களையும் 'ரா' கோப்பாகவே எடுத்திருந்தாள். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். மங்கிய பனியை வெளுக்க வைப்பதற்கு இந்தப் படிகள்தான் கைமுதல். ஆனால் அளவு மீறி வெளுத்துப்போன பனியில் எந்தத் தகவலும் இருக்காது. அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டி நிற்கக்கூடாது.

வெளிச்சம் வரைக்கும் நான் தப்பு செய்யவில்லை. நிறத்தில்தான் வழுக்கி விழுந்தேன்.

கரையில் பதினைந்து இருபது வால்ரஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் படம் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும். பெரும்பாலானவை சிவந்து, சில ரோஜா நிறமாகவே தெரிந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் வெளிறிய சாம்பல். ராத்திரி வெயிலின் சிவப்பு ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, சிவப்பை இறக்கி எல்லாவற்றையும் ஒரே பழுப்பாகச் சமன் செய்துவிட்டேன். அச்சக நாட்களில் இதற்கு எனக்குப் பாராட்டே கிடைத்திருக்கும். அவள் பார்த்துவிட்டு, "ஐயோ மாமா, என்ன பண்ணிட்டீங்க! அந்த வெளிறினது அப்பத்தான் தண்ணியிலேருந்து ஏறி வந்தது" என்றாள்.

விஷயம் இதுதான். குளிர்ந்த நீரில் இருக்கும்போது வால்ரஸின் தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. சூடு வெளியே போகாமல் இருக்க ரத்தம் உள்ளே தங்கிவிடுகிறது, உடம்பு வெளிறிவிடுகிறது. கரையேறி வெயில் காய்ந்ததும் குழாய்கள் விரிய, ரத்தம் தோலுக்கு வந்து உடம்பு சிவக்கிறது. யார் இப்போதுதான் வந்தார், யார் ரொம்ப நேரமாகப் படுத்திருக்கிறார் என்பதை அந்தப் படம் நிறத்தாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை அழித்திருந்தேன். நூற்றாண்டுக் கணக்கில் தந்தத்துக்கும் கொழுப்புக்கும் வேட்டையாடப்பட்டு, ஸ்வால்பார்டில் ஏறக்குறைய இல்லாமலே போய், 1952-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்த பிறகு மெல்லத் திரும்பி வந்த பிராணி அது. அதன் ரத்தவோட்டத்தை ஒரு ஸ்லைடரால் நிறுத்தினேன் என்று நினைக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு பிராணியையும் பற்றிப் படித்துவிட்டுத்தான் மௌஸைத் தொட்டேன். தாடி சீல்களில் சிலவற்றின் முகம் துருப்பிடித்த இரும்பு மாதிரி இருக்கும். அது காமிராக் கோளாறு அல்ல, நிஜமாகவே இரும்புத் துருதான். கடலடிச் சேற்றில் மூஞ்சியை நுழைத்து இரை தேடுவதால் அங்குள்ள இரும்புச்சத்து மயிரில் ஒட்டிக்கொண்டு அந்த நிறம் வருகிறது. பெலுகா திமிங்கிலம் வெள்ளை என்று பெயர் வாங்கியது. ஆனால் குட்டி சாம்பல் நிறத்தில் பிறந்து, வளர வளரத்தான் வெளுக்கிறது. கோடையில் பழைய தோல் உரியும் சமயத்தில் பெரியவைகூட மஞ்சள் பூத்திருக்கும். தாய் பக்கத்தில் குட்டி மங்கலாக இருக்கிறதே என்று அதை வெளுத்துக் கொடுத்தால் அதன் வயதையே மாற்றியதாகும்.

துருவக் கரடியையும் கடற்பாலூட்டியாகவே கணக்கில் சேர்க்கிறார்கள். அதன் விஞ்ஞானப் பெயருக்கே கடற்கரடி என்றுதான் அர்த்தம். வெள்ளைக் கரடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதன் மயிருக்குச் சொந்த நிறமே கிடையாது, உள்ளே கூடாக இருக்கும், தோல் கறுப்பு. சீல் கொழுப்பு படிந்து கோடையில் மயிர் இளமஞ்சளாகத் தெரியும். வழிகாட்டிகள் பைனாகுலரில் பனிப்பரப்பைத் துழாவும்போது தேடுவது அந்த மஞ்சள் புள்ளியைத்தான். வொய்ட் பாலன்ஸ் சரிசெய்யக் கரடியின் உடம்பைச் சொட்டுக்குழாய்க் குறியால் தொட்டு "இதுதான் வெள்ளை" என்று மென்பொருளுக்குச் சொன்னால், கரடி வெளுக்கும், பனி முழுக்க நீலம் பாரித்துவிடும். நீலத்தை அடியோடு துடைப்பதும் தப்பு. பனிமேல் விழும் நிழல் வானத்தின் வெளிச்சத்தால் நிஜமாகவே நீலம். பழைய பனிப்பாறை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் அதுவும் நீலம்.

நார்வால் படத்தில் இன்னொரு சூட்சுமம். அதன் கொம்பு என்று நாம் சொல்வது உண்மையில் மேல்தாடையின் இடப்பக்கப் பல், இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டு வளரும். அதன் முறுக்கு எப்போதும் இடஞ்சுழிதான். பக்க அமைப்புக்கு அழகாக இருக்கட்டும் என்று படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் முறுக்கும் மாறிவிடும், விவரம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். அச்சகத்தில் எத்தனை படங்களை இப்படித் திருப்பிப் போட்டிருப்பேன்!

"கரடி எறும்பு மாதிரி இருக்கு மாமா" என்பது அவளுடைய பெரிய வருத்தம். காரணம் சட்டம். 2025 ஜனவரி முதல் ஸ்வால்பார்டில் கரடியிடமிருந்து 300 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மீட்டர் நீளக் கரடியை 300 மீட்டரிலிருந்து 600 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால், 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்ஸாரில் அது 5 மில்லிமீட்டர்தான் வரும், படத்தின் ஏழில் ஒரு பங்கு. 500 மீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 45 மெகாபிக்ஸல் காமிராவாக இருந்தால் முதல் கணக்குக்குக் கரடி நெடுக 1,100 புள்ளிகள் போல் தேறும். புத்தகத்தில் கால் பக்கத்துக்குப் போதும், சுவரில் மாட்டப் போதாது.

வெட்டிப் பெரிதாக்கச் சொன்னாள். நான் மறுத்தேன். கரடி ஏழில் ஒரு பங்கு என்றால் மிச்சம் ஆறு பங்கில் பனிப்பாறை, உடைந்த கடற்பனி, மேகம் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிராணி எவ்வளவு பெரிய வெறுமையில் நடமாடுகிறது என்பதை வேறெப்படிக் காட்டுவது? தவிர, குளிர்ந்த கடல்மேல் வெவ்வேறு வெப்பநிலையில் காற்று அடுக்கடுக்காக நிற்பதால் தூரத்துப் படம் நம்மூர்த் தார்ரோட்டுக் கானல் மாதிரி நெளியும். அதைப் பெரிதாக்கினால் நெளிவுதான் பெரிதாகும்.

(குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், உள்சட்டைப் பையில் இன்னொன்று வைத்துக்கொள்ள வேண்டும். தில்லியில் ஜூலை மாதம் ஏசி காரிலிருந்து இறங்கினால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதல்லவா? அங்கே அதற்கு நேர்மாறாக, வெளியிலிருந்து கப்பல் அறைக்குள் வரும்போது காமிராவில் படியும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, உள்ளே வந்து சூடு சமனான பிறகு திறப்பது வழக்கம்.)

செயற்கை அறிவைக் கொண்டு கூர்மையாக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. மங்கலான கரடி முகத்தைக் கொடுத்தால் மீசைமயிர் ஒவ்வொன்றாக எண்ணும்படி வரைந்து தருகிறது. வரைந்து தருகிறது என்று யோசித்துத்தான் எழுதுகிறேன், அது காமிரா கண்ட மயிர் அல்ல. அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கரடியின் மீசைப்புள்ளி வரிசையை வைத்து அதை அடையாளம் காணலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வாலடியிலுள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை மாதிரி. பயணிகள் எடுத்த வால் படங்களை ஒப்பிட்டு, எந்தத் திமிங்கிலம் எங்கெங்கே போகிறது என்று பின்தொடரும் ஹாப்பிவேல் என்ற அமைப்பு 2015 முதல் நடக்கிறது. வாலில் ஒரு தழும்பு அசிங்கமாக இருக்கிறது என்று துடைத்துவிட்டால், அந்தத் திமிங்கிலத்தின் பெயரையே துடைத்ததாகிவிடும்.

பெரிய இடங்களிலும் சறுக்கல் நடந்திருக்கிறது. 2010 மே மாதம் 'சயின்ஸ்' இதழில், பருவநிலை விஞ்ஞானத்தின் நேர்மையைக் காத்து 255 அமெரிக்க விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் வெளியானது. பக்கத்தில் தனிப் பனித்துண்டின்மேல் நிற்கும் கரடி. அது ஒட்டுப்படம்! கடிதத்திலிருந்த ஒரு வரிக்கும் பழுதில்லை. ஆனால் எதிராளிகளுக்குப் படம் ஒன்றே போதுமானதாக இருந்தது. இதழ் தவற்றை ஒப்புக்கொண்டு படத்தை மாற்றியது.

2017-ல் நடந்தது வேறு மாதிரி. கனடாவின் வடக்கில் ஸோமர்செட் தீவில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய ஒரு கரடியைப் பால் நிக்லன், கிறிஸ்டினா மிட்டர்மையர் குழுவினர் படம் பிடித்தார்கள். படத்தில் எந்தத் திருத்தமும் இல்லை. ஆனால் நேஷனல் ஜியாகிரஃபிக் அதன்மேல் போட்ட வாசகம், பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னது. அந்தக் குறிப்பிட்ட கரடி ஏன் மெலிந்தது என்று யாருக்கும் தெரியாது. நோயோ காயமோ முதுமையோ எதுவாகவும் இருக்கலாம். வாசகம் எல்லை மீறிவிட்டது என்று 2018-ல் அதே பத்திரிகை ஒப்புக்கொண்டது. கடற்பனி குறைந்து வருவதும், அதனால் கரடிகள் பாதிக்கப்படுவதும் அளந்து நிறுவப்பட்ட உண்மைகள். அவற்றுக்கு அந்த ஒரு கரடியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியதுதான் பிசகு.

அவளுடைய படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து முடித்தோம். வால்ரஸ் படத்தை ரா கோப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், வெளிச்சத்தை மட்டும் கூட்டிவிட்டு விட்டுவிட்டேன். கரடிப் படத்துக்கு அடியில் என்ன எழுதுவது என்று அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "தனியா நிக்குதே, பாவமா ஏதாவது எழுதலாமா மாமா?" என்றாள். பெரிய கரடிகள் தனியாகத்தான் திரியும் என்றேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: துருவக் கரடி, ஸ்வால்பார்ட், ஜூலை 2025, 300 மீட்டருக்கு அப்பாலிருந்து.