வரைபடத்தின் மூன்றாவது எண்



ஐரோப்பாவின் வரைபடம் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிரனீஸ் மலைத்தொடர் ஒரு மதிலைப்போல் நீண்டு கிடப்பதைக் காண்பீர்கள். அந்த மதிலின் மேல் கடுகளவு புள்ளி ஒன்று தெரிகிறதா? அதுதான் அந்தோரா என்னும் தனி நாடு. அதன் பரப்பு 468 சதுர கி.மீ. மட்டுமே. மக்கள்தொகை ஒரு லட்சத்தை எட்டவில்லை. அங்கே விமான நிலையம் கிடையாது. ரயில் பாதையும் கிடையாது.

"இவ்வளவு சிறிய நாட்டை ஒரே நாளில் சுற்றிவிடலாமே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி எண்ணித் திட்டம் போட்டவர் மலையில் இருட்டில் மாட்டிக்கொள்ள நேரிடும். காரணம் என்ன?

ஓர் இடத்தைக் குறிக்க அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள் போதும் என்று படித்திருக்கிறோம். சமவெளிக்கு அது போதும். மலைநாட்டுக்கு மூன்றாவது எண் ஒன்றும் வேண்டும். அதுதான் கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம். பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது எண்ணைத் துணையாகக் கொண்டு அந்தோராவுக்கு ஒரு பயணத் திட்டம் வகுத்துப் பார்ப்போம்.

எந்த வாசல் வழியே செல்வது?

அந்தோராவுக்குள் நுழையப் பெரிய சாலைகள் இரண்டு உண்டு. ஒன்று தெற்கே ஸ்பெயினிலிருந்து வருவது. மற்றொன்று வடகிழக்கே பிரான்சிலிருந்து வருவது. தெற்கே பார்சலோனா நகரிலிருந்தும், வடக்கே துலூஸ் நகரிலிருந்தும் பேருந்துகள் வருகின்றன. இரண்டு நகரங்களும் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில்தான் இருக்கின்றன. அப்படியானால் எந்த வழியில் சென்றாலும் ஒன்றுதானே?

அல்ல. உயரத்தைப் பாருங்கள். தெற்கு வழி வலீரா ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி ஏறுகிறது. அந்தோராவின் மிகத் தாழ்ந்த இடமே தெற்கு எல்லையில் உள்ளது; அதன் உயரம் சுமார் 840 மீட்டர். அங்கிருந்து தலைநகரான அந்தோரா லா வெல்லாவுக்கு ஏறவேண்டிய உயரம் 200 மீட்டருக்கும் குறைவு. தலைநகரின் உயரம் 1023 மீட்டர். ஐரோப்பிய நாடுகளின் தலைநகரங்களில் மிக உயரத்தில் இருப்பது இதுவே.

வடக்கிலிருந்து வருபவரோ மலைத்தொடரின் முகட்டைத் தாண்டியாக வேண்டும். அங்குள்ள என்வலீரா கணவாயின் உயரம் 2408 மீட்டர். குளிர்காலத்தில் இங்கே பனி கொட்டும். 2002-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை கணவாயின் உச்சிக்கு ஏறும் வேலையை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதன் வாயில்களும் 2000 மீட்டருக்கு மேலேயே உள்ளன. ஆகவே குளிர்காலப் பயணத்துக்குத் தெற்கு வாசலே ஏற்றது.

என்வலீராவைப் பற்றி ஒரு சுவையான செய்தி. கணவாயின் தெற்குப் பக்கம் விழும் மழைநீர் வலீரா ஆற்றின் வழியே சென்று மத்தியதரைக் கடலை அடைகிறது. வடக்குப் பக்கம் விழும் நீரோ பிரான்சுக்குள் பாய்ந்து அட்லாண்டிக் கடலுக்குப் போய்விடுகிறது. அருகருகே விழும் இரண்டு துளிகளில் ஒன்று ஒரு கடலுக்கும் மற்றொன்று வேறொரு கடலுக்கும் போகின்றன!

தெற்கு வாசலிலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் ஒரு பெரும் நிலச்சரிவு ஏற்பட்டு, ஸ்பெயினுக்குச் செல்லும் பெருஞ்சாலையை அடைத்துவிட்டது. செங்குத்தான மலைச்சரிவுகளுக்கு நடுவே சாலை போட இடமே குறைவு. விமானம் இறங்கும் நீண்ட சமதளத்துக்கு எங்கே போவது?

கடவுச்சீட்டில் ஒரு சிக்கல்

அந்தோரா தனக்கென்று விசா கேட்பதில்லை. ஆனால் பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் வழியாகத்தான் அங்கே போக முடியும். அந்த இரண்டு நாடுகளும் ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்தவை. அந்தோரா அதில் சேரவில்லை. ஆகையால் அந்தோராவுக்குள் கால் வைத்ததும் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியவராகக் கருதப்படுவோம். இந்தியர் ஒருவர் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவுடன் போனால், திரும்பி வரும்போது என்ன செய்வார்? பலமுறை நுழைவதற்கான விசாவை முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும்.

இரண்டு பெரிய நாடுகளுக்கு இடையில் இப்படி ஒரு தனி நாடு எப்படி நிலைத்தது? 1278-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஓர் ஒப்பந்தப்படி இரண்டு தலைவர்கள் இதைக் கூட்டாக ஆண்டார்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. பிரான்சின் குடியரசுத் தலைவரும், ஸ்பெயினிலுள்ள உர்ஜெல் நகரின் ஆயரும் இந்நாட்டின் கூட்டு இளவரசர்கள். 1993-இல் மக்கள் ஏற்ற அரசியலமைப்புச் சட்டப்படி, ஆட்சி நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கமே. ஆட்சிமொழி கட்டலான். நாணயம் யூரோ.

சிகரத்துக்கு எத்தனை மணி நேரம்?

அந்தோராவின் மிக உயர்ந்த சிகரம் கோமா பெட்ரோசா. உயரம் 2942 மீட்டர். அரின்சால் என்னும் ஊரின் பக்கத்திலிருந்து, கோடைக்காலத்தில் நடந்தே ஏறலாம். ஏறத் தொடங்கும் இடத்தின் உயரம் சுமார் 1550 மீட்டர். பாதையின் நீளம் சுமார் 7 கி.மீ. மணிக்கு 5 கி.மீ. நடப்பவருக்கு 1 மணி 24 நிமிடம் போதும் அல்லவா?

இங்கேதான் மூன்றாவது எண் குறுக்கிடுகிறது. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஓர் எளிய விதியைச் சொன்னார். ஒவ்வொரு 5 கி.மீ. தொலைவுக்கும் ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். நாம் ஏறவேண்டியது ஏறத்தாழ 1400 மீட்டர். இதை 600-ஆல் வகுத்தால் 2 மணி 20 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 3 மணி 44 நிமிடம்! இளைப்பாறும் நேரம் இதில் சேரவில்லை. இறங்கும் நேரமும் சேரவில்லை.

கோடையில் பிரனீஸ் மலையில் பிற்பகலில் இடியும் மின்னலும் வருவது வழக்கம். காலை 6 மணிக்குப் புறப்பட்டவர் நண்பகலுக்கு முன்பே உச்சியைக் கண்டு இறங்கத் தொடங்கிவிடுவார். 10 மணிக்குப் புறப்பட்டவர் மின்னல் வெட்டும் நேரத்தில் மொட்டைப் பாறையின் மேல் நின்றுகொண்டிருப்பார். ஒரு சிறிய வகுத்தல் கணக்கு உயிரைக் காக்கிறது, பார்த்தீர்களா?

பையில் என்ன வைப்பது?

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தலைநகரில் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சிகரம் அதைவிட 1919 மீட்டர் உயரம். அங்கே 11 அல்லது 12 டிகிரிதான் இருக்கும். காற்றும் வீசினால் உடல் இன்னும் விரைவில் வெப்பத்தை இழக்கும். ஆகவே கம்பளிச் சட்டையும் மழைச் சட்டையும் பைக்குள் இருக்க வேண்டும்.

குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யவும் கூடாது. உயரே போகப் போகக் காற்று மெலிந்து, புற ஊதாக் கதிர்கள் மிகுதியாக வந்து சேரும். புதிதாகப் பெய்த பனி அவற்றில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தலைக்குத் தொப்பியும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் அவசியம்.

சிகரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 70 சதவீத அளவே. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. மெல்ல ஏற வேண்டும். அங்கே நீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகத் தாமதமாகும் என்பதால், சமைத்த உணவையே கொண்டுபோவது நல்லது.

நண்பர்களே, காகிதத்தில் நம் பயணத் திட்டம் முடிந்தது. வாசலைத் தேர்ந்தெடுத்தது, புறப்படும் நேரத்தைக் குறித்தது, பையை நிரப்பியது எல்லாம் அந்த ஒரே எண்தான். இனி எந்த மலையின் வரைபடம் கைக்குக் கிடைத்தாலும், இரண்டு ஊர்களுக்கு இடையே அடிக்கோலை வைக்குமுன் அவற்றின் உயரங்களைத் தேடுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அந்தோரா லா வெல்லாவில் 20 டிகிரி வெப்பநிலை இருந்தால், என்வலீரா கணவாயில் எவ்வளவு இருக்கும்?

(விடை: சுமார் 11 டிகிரி செல்சியஸ்.)