போர்வீல் வண்டிக்கு ரிம் மாற்றுகிறீர்களா? ஆஃப்செட், ஸ்பேசர் பற்றி அறிய வேண்டியவை

கெடாவில் கூலிம், பாலிங் பக்கத் தோட்டங்களில் மழை பெய்துவிட்டால், செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் போர்வீல் வண்டிதான் கைகொடுக்கும். அந்த வண்டிக்கு ரிம் மாற்றப் போனால், "அண்ணே, சக்கரம் கொஞ்சம் வெளியே நின்னாதான் எடுப்பா இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். தலையாட்டும் முன் கணக்கைப் பாருங்கள்.

ஆஃப்செட் என்றால் என்ன?

ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரிம் ஹப்பில் உட்காரும் இடம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ, அதுவே ஆஃப்செட். வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ், உள்பக்கம் என்றால் மைனஸ். எண் குறையக் குறைய, சக்கரம் வெளியே வரும்.

7.5 அங்குல அகலம், பிளஸ் 30 ரிம்மைக் கழற்றிவிட்டு, 8.5 அங்குலம், ஆஃப்செட் 0 ரிம் போட்டால், வெளி விளிம்பு சுமார் 43 மி.மீ. வெளியே வந்துவிடும். உள்பக்கம் கிடைக்கும் இடமோ 17 மி.மீ.தான்.

ஸ்பேசர் என்ன செய்யும்?

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் உலோகத் தட்டுதான் ஸ்பேசர். பிளஸ் 30 ரிம்முக்கு 25 மி.மீ. ஸ்பேசர் போட்டால், அது பிளஸ் 5 போலாகிவிடும். அகலமான டயர் உள்ளே சஸ்பென்ஷனில் உரசினால் இது உதவும். அழகுக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

ஏன் கவனம் தேவை?

சக்கரம் வெளியே போகப் போக, பேரிங்கில் சுமை கூடும். குழியில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை இழுக்கும். முழுசாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசலாம். மட்கார்டைத் தாண்டி டயர் நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே நடவடிக்கை எடுக்கலாம்.

சும்மா செருகும் ஸ்பேசரில் இன்னொரு ஆபத்து உண்டு. அதன் தடிமன் அளவுக்கு நட்டுக்குப் பிடிமானம் குறையும். ஹைலக்ஸின் 12 மி.மீ. போல்ட்டில் நட்டு குறைந்தது 8 சுற்றாவது ஏற வேண்டும். ஏறவில்லையா? ஓட்டாதீர்கள், சக்கரமே கழன்றுவிடலாம்.

கடையில் என்ன கேட்கலாம்?

ஹைலக்ஸுக்கு 6 போல்ட், ஜிம்னிக்கு 5. இரண்டிலும் போல்ட் வட்டம் 139.7 மி.மீ.தான், ஆனால் ஒன்றின் ரிம் மற்றதற்குப் பொருந்தாது. ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பில் இறுக்கமாக உட்கார்கிறதா என்று பாருங்கள். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும், டார்க் ரென்ச்சால் நட்டுகளை மறுபடி சோதியுங்கள். முடிந்தவரை, ஸ்பேசரை நம்புவதைவிடச் சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மையே வாங்குவது நல்லது.